சிப் வைத்ததா, மொட்டையா

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் எனக்கு மிச்சமிருக்கும் கடைவாய்ப் பற்கள் இப்போதே உதிர்ந்து மடியில் விழட்டும். கூட்டவில்லை, குறைக்கவில்லை, மெருகும் போடவில்லை. சாவு விஷயத்தில் விளையாடுகிற ஆள் நான் இல்லை.

முதலாளியம்மா ஸ்டூல்மேல் ஏறி நின்று, கடையின் மேல்தட்டிலிருந்த அட்டைப்பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தாள். கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு திரைச்சீலைதான். திரைக்கு அந்தப் பக்கம், கூடத்தில், அவளுடைய கணவர் வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்தார். உயிர் போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. டாக்டர் வந்து, மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு, வேறு யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு போயிருந்தார். வாசலில் வாடகை நாற்காலிகள் வந்து இறங்கும் சத்தம் கேட்டது. கடையின் இரும்புக் கதவைப் பாதி இறக்கியிருந்தார்கள். அந்தப் பாதி வெளிச்சத்தில் அவள் பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவினாள்.

திரைச்சீலை விலகியது. வந்தவர் இறந்தவரின் அக்கா, அவளுக்கு நாத்தனார். பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த வீட்டிலேயே அவருக்கு மேட்ரன் என்றுதான் பேர். அவர் வார்டுக்குள் நுழைந்தால் காய்ச்சல்காரர்களுக்குத் தானாகச் சூடு இறங்கும். நினைவு தப்பிக் கிடந்த நோயாளி ஒருவர் அவர் குரலைக் கேட்டு எழுந்து, படுக்கை விரிப்பைச் சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டு, மறுபடி நினைவு தப்பிப் போனார். அதற்குச் சாட்சி இருந்தார். சாட்சியும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இந்த நேரத்தில் ஸ்டூலில் ஏறி என்ன தேடுகிறாய் என்று மேட்ரன் கேட்டார்.

"கேசட் அண்ணி."

"எதுக்கு?"

"அவரை எடுக்க."

மேட்ரன் திரைச்சீலையைத் தமக்குப் பின்னால் நன்றாக இழுத்து மூடினார். "சாவு வீட்டுல கேமராவா? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"அந்த நாலு பேரையும் சேர்த்து எடுத்துட்டாப் போச்சு. அப்புறம் வாயைத் திறக்க மாட்டாங்க."

மேட்ரனுக்கு இப்படிப் பதில் சொன்னவர்கள் அதற்குமுன் யாரும் இல்லை. சொல்ல நினைத்தவர்கள் எல்லாம் அதை மருந்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கிவிட்டவர்கள்.

இங்கே அந்தக் கடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கல்யாணம், பிறந்தநாள், பள்ளிக்கூட விழா என்று வீடியோ எடுத்துக் கொடுக்கிற கடை. கேமராவைத் தூக்கிக்கொண்டு போகிறவர் அவர். வெட்டி ஒட்டுவதும், கேசட் விற்பதும், வந்தவர்களிடம் வாய் கொடுப்பதும் அவள். கடை அவள் பேரில் இருந்ததால் அவர் அவளை முதலாளி என்று கூப்பிடுவார். தெரு அதில் ஓர் அம்மாவைச் சேர்த்துக்கொண்டது. கல்யாண வீடுகளில் மாப்பிள்ளையையே அதட்டி நகர்த்துகிறவர் என்பதால் அவள் அவரை டைரக்டர் என்பாள். தெரு அதில் எதையும் சேர்க்கவில்லை.

கையடக்க டிஜிட்டல் கேசட்டுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றின் முதுகில் நகக்கண் அளவுக்கு ஒரு சிப் இருக்கும். தங்க நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். எந்தக் காட்சி நாடாவில் எங்கே இருக்கிறது, என்றைக்கு எடுத்தது, என்ன தலைப்பு என்பதை அந்தச் சிப் ஞாபகம் வைத்துக்கொள்ளும். பட்டனைத் தட்டினால் கேட்ட இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும். இன்னொரு வகையில் அது கிடையாது. படம் அதே படம்தான், நாடாவும் அதே நாடாதான். ஆனால் ஓர் இடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் முன்னும் பின்னும் ஓட்டித் தேட வேண்டும். அதற்குக் கடையில் மொட்டை என்று பேர்.

கல்யாணமான புதிதில் இருவரும் எதற்குச் சண்டை போட்டார்களோ தெரியாது. இந்தக் கேசட்டுகள் வந்த பிறகு வேறு சண்டைக்கு அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. அவள் சிப் கட்சி. அவர் மொட்டைக் கட்சி.

அவள் கட்சிக்கு ஆதாரமாக ஒரு சித்தப்பா இருந்தார். ஒரு கல்யாணத்தில் மேடையேறி மைக்கைப் பிடித்தவர் விடவில்லை. சாப்பாடு முடிந்து, விளக்கு அணைந்து, பந்தல்காரர்கள் மேடையைப் பிரித்து வண்டியில் ஏற்றினார்கள். சித்தப்பா வண்டியில் நின்றபடி பேசிக்கொண்டே போனார். அதைச் சிப் வைத்த கேசட்டில் எடுத்திருந்தார்கள். கேசட் விவரமானது. எத்தனை முறை போட்டாலும் சித்தப்பா தொண்டையைக் கனைத்ததும் நேராக மணமக்களின் கார் கிளம்புகிற காட்சிக்குப் போய்விட்டது. சித்தப்பா கடைக்கே வந்து உட்கார்ந்து பார்த்தார். கனைத்தார், கார் கிளம்பியது. மறுபடி கனைத்தார், மறுபடியும் கார். கடைசியில் எழுந்து, நன்றாகத்தான் எடுத்திருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

டைரக்டருக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது. யாரைப் பார்க்கலாம், யாரைத் தாண்டலாம் என்பதைக் கேசட்டா முடிவு செய்வது என்று கேட்டார். அவரிடமும் ஆதாரம் இருந்தது. ஒரு குடும்பம் கேக் வெட்டுகிற இடத்தைத் தேடி மொட்டைக் கேசட்டை ஓட்டியபோது, பின்வரிசையில் மாப்பிள்ளையின் தம்பியும் பெண்ணின் தோழியும் ஒரே ஐஸ்கிரீம் கிண்ணத்தில் இரண்டு கரண்டி போட்டுச் சாப்பிடுவது கண்ணில் பட்டது. விசாரித்தார்கள். கல்யாணத்தில் முடிந்தது. அந்தக் கல்யாணக் கேசட்டை ஓட்டித் தேடியபோது பின்வரிசையில் இன்னொரு ஜோடி. அந்த ஜோடியின் கேசட்டில் இன்னொன்று. இப்படி ஒரே ஒரு மொட்டைக் கேசட் ஊரில் பாதிப் பேருக்குக் கல்யாணம் செய்துவைத்தது. சிப் இருந்திருந்தால் நேரே கேக்குக்குப் போயிருப்பார்கள், ஊரே பிரம்மச்சாரியாக நின்றிருக்கும் என்பது அவர் வாதம்.

தேடி ஓட்டும்போதுதான் நாலு மூஞ்சி கண்ணில் படும் என்று அவர் முடிப்பார். ஜனங்களுக்கு நேரம் எங்கே இருக்கிறது என்று அவள் முடிப்பாள். யார் கடைசியாக முடித்தார்கள் என்பதில் அடுத்த சண்டை ஆரம்பமாகும்.

நுரையீரல் கெட்டுப்போய் அவர் படுத்த பிறகு ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவளுக்குச் செய்ய இருந்தது. தினமும் காலையில் முகம் துடைத்துவிட்டு, கட்டிலருகே நாற்காலியைப் போட்டு, சிப் வைத்ததுதான் உலகத்திலேயே உசத்தி என்று ஆரம்பிப்பாள். அவர் எழுந்து உட்காருவார். முகத்தில் ரத்தம் ஏறும். பிற்பகல் வரை தாங்கும். நாடி பார்க்க வந்த டாக்டர், என்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் எழுதிக்கொள்ளவில்லை, ஆனால் நிறுத்த வேண்டாம் என்றார்.

அன்றைக்குக் காலையிலும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தாள். அவள் ஆரம்பிப்பதற்குமுன் அவரே ஆரம்பித்தார்.

"இந்தா முதலாளி."

"சொல்லுங்க டைரக்டர்."

"என்னைத் தூக்கறதை எடுத்துடணும். நீயே எடு. வேற எவனையும் விடாதே."

அதைப் பற்றி இப்போது என்ன என்று அவள் சொல்லவில்லை. அப்படியெல்லாம் பேசக் கூடாது என்றும் சொல்லவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "எடுத்துட்டாப் போச்சு. மொட்டையிலதானே?"

"இல்ல. சிப் வெச்சதுலயே எடு."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் குறும்பு எந்த ஓரத்தில் ஒளிந்திருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். தேடினாள். கிடைக்கவில்லை.

"நீ சொன்னதுதான் சரி," என்றார் அவர். மூச்சு வாங்கிக்கொண்டார். "இத்தனை வருஷமா நீ சொன்னதுதான் சரி."

"யாரைக் கேட்டு விட்டுக்கொடுக்கறீங்க?" என்றாள். "தேடி ஓட்டினாத்தானே நாலு மூஞ்சி கண்ணுல படும்? நீங்கதானே சொல்வீங்க? சொல்லுங்க."

அவர் சிரித்தார். சிரிக்கவும் அவருக்குக் காற்றுப் போதவில்லை.

"ஜனங்களுக்கு நேரம் எங்க இருக்கு?" என்றார்.

அது அவளுடைய வசனம்.

அவள் வெந்நீர் எடுத்துவரப் போனாள். திரும்பி வந்தபோது அவர் சொன்னதைத் திரும்பப் பெறுகிற நிலையில் இல்லை. டம்ளரைக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு, அவருடைய வாயைத் தன் உள்ளங்கையால் மெல்ல மூடினாள். அதுவரை அந்த வாயை மூடவைக்க எவ்வளவோ பாடுபட்டிருக்கிறாள்.

மேட்ரன் அப்போது அறை வாசலில் நின்றிருந்தார். பேசியது முழுவதும் அவர் காதில் விழுந்திருந்தது. அதனால்தான் கடையில், ஸ்டூலிலிருந்து இறங்கிய தம்பி மனைவியின் கையிலிருந்த கேசட்டை வாங்கி, திருப்பி, முதுகைப் பார்த்தார். வழவழவென்று ஒன்றும் இல்லை.

"எடுக்கறதுன்னா அவன் சொன்னபடி எடு," என்றார். "சிப் வெச்சதுல எடுன்னான். நான் நின்னு கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்."

"அது அவர் சொன்னதில்ல அண்ணி. அசந்துபோய்ச் சொன்னது."

"கடைசி வார்த்தைம்மா அது."

"கடைசி வார்த்தை எப்பவும் என்னுதுதான். இந்த ஒரு தடவை அவர் எடுத்துக்கிட்டா விட்டுடுவேனா?"

மேட்ரன் கேசட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தம்முடைய கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். பறிமுதல் செய்வது அவருக்குக் கைவந்த கலை. நோயாளிகளின் தலையணைக்கடியிலிருந்து ஊறுகாய் பாட்டில், சீட்டுக்கட்டு, ஒருமுறை உயிருள்ள கோழிக்குஞ்சு வரைக்கும் எடுத்தவர். முதலாளியம்மா வாதாடவில்லை. மறுபடி ஸ்டூலில் ஏறி, பெட்டியிலிருந்து இன்னொரு மொட்டையை எடுத்தாள். மேட்ரன் கையை நீட்டினார். அவள் அதை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். அங்கே மேட்ரனின் அதிகாரம் செல்லாது.

இந்த நேரத்தில் வாசலில் ஒரு முக்காலி தெரிந்தது. அதைத் தொடர்ந்து அதன் சொந்தக்காரர் தெரிந்தார். பக்கத்துத் தெருவில் வீடியோக் கடை வைத்திருப்பவர். கேமரா நிறுத்துகிற அந்த முக்காலி இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டார். அவருடைய கல்யாணப் படத்தில் மணப்பெண்ணுக்கும் அவருக்கும் நடுவே முக்காலி நிற்கிறது. மணப்பெண் இன்றுவரை அதை மன்னிக்கவில்லை. டைரக்டருக்குத் தொழிலில் ஜென்மப் போட்டி. சிப் வைத்ததைத் தவிர வேறு கேசட்டை அவர் தொட்டதில்லை. தொட்டவர்களோடு கைகுலுக்கியதும் இல்லை.

ஆனால் வந்தவருக்குக் கண் சிவந்திருந்தது. கூடத்தில் நின்று படுத்திருந்தவரைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். பையிலிருந்து பிரிக்காத புதுக் கேசட் ஒன்றை எடுத்து கூடத்துக்கு வந்த முதலாளியம்மாவிடம் இரண்டு கையாலும் நீட்டினார்.

"அண்ணனுக்கு என்னோட மரியாதைக்கா. முதல்தரமான சிப். நானே எடுத்து, இடத்துக்கு இடம் தலைப்புப் போட்டுத் தரேன். வந்தவங்க, தூக்கறது, மயானம்னு தனித்தனியா இருக்கும். பட்டனைத் தட்டினா வந்து நிக்கும்."

கூடத்திலிருந்தவர்களுக்கு அது நல்ல யோசனையாகத் தோன்றியது. மேட்ரன் வாயிலாகக் கடைசி ஆசையும் அதற்குள் நாற்காலி நாற்காலியாகப் பரவியிருந்தது. ஒருவர் செத்தவர் கேட்டதைச் செய்துவிட வேண்டும் என்றார். இன்னொருவர் அந்தச் சிப்பைக் கொஞ்சம் தொட்டுப் பார்க்கலாமா என்றார். எல்லாரும் முதலாளியம்மாவைப் பார்த்தார்கள்.

அவள் கேசட்டை வாங்கவில்லை.

"எவ்வளவு வருஷம் என்கூட மல்லுக்கு நின்னவர் தெரியுமா," என்றாள். குரல் உயரவில்லை. "சாப்பிடாம மல்லுக்கு நின்னிருக்கார். காய்ச்சல்ல மல்லுக்கு நின்னிருக்கார். தூக்கத்துல எழுப்பி ஒரு வரி சொல்லிட்டு மறுபடி தூங்கியிருக்கார். காலையில என்னடான்னா நீ சொன்னதே சரின்னுட்டுப் படுத்துட்டார். அவர் விட்டுக்கொடுத்தா நான் வாங்கிக்கணுமா? எனக்கு வேண்டாம். நான் ஜெயிக்க மாட்டேன்."

 மின்விசிறி மட்டும் அவள் பக்கமாகத் திரும்பி, பிறகு மற்றவர்கள் பக்கமாகத் திரும்பியது.

"இனிமே நான் மொட்டைக் கட்சி," என்றாள். "சிப் கட்சிக்கு ஆள் வேணும்னா அவர் எழுந்து வரட்டும்."

எல்லாரும் தங்களை அறியாமல் கூடத்தின் நடுவே பார்த்தார்கள். ஒரு நொடி எல்லாருக்குமே சந்தேகம் இருந்தது. வெள்ளைத் துணி சற்று அசைந்தது என்று பின்னால் சத்தியம் செய்தவர்கள் உண்டு. மின்விசிறிக் காற்று என்று சொன்னவர்களும் உண்டு.

அசையாமல் நின்றவர் மேட்ரன் ஒருவர்தான். தம்பியின் முகத்தை அவர் நெடுநேரம் பார்த்தார். சின்ன வயதில் அந்த முகத்தில் குத்தியிருக்கிறார், அதைக் கழுவிவிட்டிருக்கிறார், அதற்காகப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சண்டை போட்டிருக்கிறார்.

"எங்க வீட்டுல எவனும் தோத்ததில்ல," என்றார்.

பிறகு பக்கத்துத் தெரு வீடியோக்காரர் பக்கம் திரும்பினார். வார்டுக் குரல் வந்தது. முக்காலியை மடக்கி மூலையில் சாத்தச் சொன்னார். அந்தக் கேசட்டைப் பைக்குள் போடச் சொன்னார். தூக்குவதற்கு ஓர் ஆள் குறைகிறது, வலது பக்கம் பின்னால் நில் என்றார். முக்காலிக்காரர் வாழ்க்கையில் முதன்முறையாக இரண்டு கையும் வெறுமையாக நின்றார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் பின்னால் கட்டிக்கொண்டு, பிறகு முன்னால் கட்டிக்கொண்டார்.

முதலாளியம்மா ரவிக்கையிலிருந்து கேசட்டை எடுத்தாள். உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். கேமராவின் வாய் திறந்து அதை வாங்கிக்கொண்டு மூடியது.

அதன் பிறகு நடந்தது அந்த ஊரில் மட்டுமே நடக்கக்கூடியது. டைரக்டர் தம் தொழிலில் எல்லாருக்கும் ஒரே ஒரு பாடம்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்: கேமராவைப் பார்க்காதே. மணமேடையில், பிறந்தநாளில், பரிசு வாங்கும்போது, எங்கே யார் பார்த்தாலும் அதட்டுவார். குழந்தைகள் அதை நடை பழகுவதற்குமுன் பழகின. நாய்கள்கூடக் கேமரா திரும்பினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இப்போது அவள் அதைத் தூக்கிக் கண்ணுக்கு வைத்ததும் கூடமே வேறு பக்கம் பார்த்தது. அழுதவர்கள் அழுதபடி, பேசியவர்கள் பேசியபடி, எல்லாரும் அவளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார்கள். அவள் முகம் அன்றைக்கு எப்படி இருந்தது என்று சொல்ல ஓர் ஆள் கிடையாது.

வரிசை வரிசையாக எடுத்தாள். வாடகை நாற்காலிகளை எடுத்தாள். தம் செருப்பைத் தேடி, மாறிப்போன செருப்போடு நொண்டிக்கொண்டு வந்த டாக்டரை எடுத்தாள். நாற்காலியில் உட்கார்ந்து தூங்கிப்போன ஒருவரையும் அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போன முன்பின் தெரியாத இன்னொருவரையும் எடுத்தாள். ஒரு சமயம் அவள் கை வலித்து, கேமராவை நாற்காலிமேல் வைத்துவிட்டுக் கொஞ்சம் ஓய்ந்திருந்தாள்.

வண்டி வந்தது. தூக்குகிறவர்கள் குனிந்தார்கள். வலது பக்கம் பின்னால் முக்காலிக்காரர். ஒரே மூச்சில் தூக்கித் தோளில் வைத்து வாசல் வரை வந்துவிட்டார்கள்.

"இன்னொரு தரம்," என்றாள் முதலாளியம்மா.

கல்யாண வீடுகளில் கேட்டுப் பழகிய சொல். அவர்கள் மறு பேச்சில்லாமல் திரும்பிப் போனார்கள், இறக்கினார்கள், மறுபடி தூக்கினார்கள். மறுபடி வாசல் வரை வந்தார்கள்.

"இன்னொரு தரம்."

மறுபடி போனார்கள். முக்காலிக்காரர் மட்டும் கேமராவில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்தார். எரியவில்லை.  தோளை மாற்றிக்கொண்டு குனிந்தார்.

மூன்றாம் முறை வாசலுக்கு வந்தபோது அவள் வாயைத் திறந்தாள். மேட்ரன் அவள் முழங்கையைத் தொட்டார். அவள் வாயை மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினாள். விளக்கு எரிந்தது. அவர்கள் தாண்டிப் போனார்கள்.

மயானத்துக்கு நீ எதற்கு, வாசலோடு நின்றுகொள்ளலாமே என்று யாரோ ஒரு மாமா ஆரம்பித்தார். அவள் கேமராவை அவர் பக்கம் திருப்பினாள். மாமா காலரைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தார். அவரைத் தாண்டி வண்டியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பக்கத்தில் மேட்ரன் ஏறினார். வண்டி போகிற வழியெல்லாம் அவள் ஜன்னல் வழியாகத் தெருவை எடுத்தாள். சிக்னலில் நின்றபோது சிக்னலை எடுத்தாள். மயானத்தில் எல்லாம் முடிந்து திரும்புகிறபோது மேட்ரன் நின்று, நேராகக் கேமராவைப் பார்த்தார். அந்த ஊரில் அப்படிப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அவள் கேமராவை இறக்கவில்லை. இருவரும் அப்படியே நின்றார்கள். பிறகு மேட்ரன் முன்னால் நடந்தார்.

சாயங்காலம் வீட்டில் இருவர்தான் மிச்சம். நாற்காலிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கூடத்தைக் கழுவிவிட்டிருந்ததால் தரை இன்னும் ஈரமாக இருந்தது. மேட்ரன் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, தூக்கியபோது நான் அழுதேனா என்று கேட்டார். நினைவில்லையாம். அந்த இடத்தைக் காட்டு என்றார்.

"மொட்டை அண்ணி. ஓட்டித்தான் தேடணும்."

"ஓட்டு. எனக்கு என்ன வேலை?"

அவள் கேமராவை டிவியோடு சேர்த்து, கேசட்டை முதலிலிருந்து வேகமாக ஓட்டினாள். வேகமாக ஓடுகிற படத்தில் சத்தம் வராது. அழுகிறவர்கள் தோள் குலுங்கச் சிரிப்பதுபோல இருக்கும். எல்லாரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள், சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள், சிரித்துக்கொண்டே கையைப் பிடித்துக்கொண்டார்கள். டாக்டர் நொண்டிக்கொண்டு ஓடினார். மேட்ரன் ஒருவரைக் காட்டி, இது யார் என்று கேட்டார். தெரியாது என்றாள். அவர் வேறு யாருடைய வீட்டுச் சாவுக்கோ வந்தவராக இருக்க வேண்டும், நன்றாக அழுதார்.

பிறகு படம் சாய்ந்தது. தரையும் கட்டில் காலும் வெள்ளைத் துணியின் ஓரமும் கோணலாகத் தெரிந்தன. நாற்காலிமேல் வைத்தபோது நிறுத்த மறந்திருக்கிறாள். துணிக்கு வெளியே அவருடைய பாதம் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. முதலாளியம்மா வந்து அருகில் உட்கார்ந்தாள். துணியை இழுத்துப் பாதத்தை மூடினாள். திறந்தாள். மூடினாள். பிறகு ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையின் ஆள்காட்டி விரலை அவர் முகம் இருந்த பக்கமாக ஆட்டி ஆட்டி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். வேகமாக ஓடுகிற படத்தில் அந்த விரல் தையல் மிஷின் ஊசிபோல ஏறி இறங்கியது. வாய் ஓயவே இல்லை. நடுநடுவே நிறுத்தி, பதிலுக்குக் காத்திருந்து, மறுபடி ஆரம்பித்தாள்.

மேட்ரனுக்கு அருகில்தான் ரிமோட் கிடந்தது. அவர் கை அதன்மேல் போய் நின்றது. சாதாரண வேகத்தில் விட்டால் சத்தம் வரும்.

கையை எடுத்துக்கொண்டார்.

"ஓடட்டும்," என்றார்.

முதலாளியம்மா தலையசைத்தாள். இருவரும் டிவி வெளிச்சத்தில், விரல் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தக் கடையில் இருந்தது ஒரே ஒரு கேமரா. சிப்பைப் படிக்கிற வசதி அதில் கிடையாது. எந்தக் கேசட்டைப் போட்டாலும் அதற்கு எல்லாம் மொட்டைதான். விற்றவர் அதைச் சொல்லித்தான் விற்றார், வாங்கும்போது இருவரும் பக்கத்தில்தான் நின்றிருந்தார்கள்.